உதடு தெரியும் அளவுக்கு வெளிச்சம்

அவன் எடைமேடைக்காரன். சரக்கு லாரிகள் ஏறி நிற்கும் இரும்பு மேடைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க மட்டும் இடமிருக்கிற கண்ணாடி அறை. அதில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறான். பேச்சு தேவைப்படாத வேலை. அவனுக்கும் பேச்சு வராது. "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா அண்ணே?" என்று லாரிக்காரர்கள் கேட்பார்கள். அதற்கும் ஒரு தலையசைப்புதான் பதில்.

அவன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவன் மனைவி பேசினாள். பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. படுக்கை விரிப்பு, துவாலை, மேசைத் துணி எல்லாம் எண்ணி, மடித்து, கிழிந்ததைத் தைத்துத் தளம் தளமாக அனுப்பும் பிரிவு. அங்கே அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலையும் மீறி அவள் குரல் மூன்று அறை தாண்டிக் கேட்குமாம்.

மாலை ஏழு மணிக்கு ஓட்டலின் பின்வாசலில் அவளை ஏற்றிக்கொள்வான். அங்கிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடம். கார் பத்தொன்பது வருடப் பழசு. வேறொருவரிடமிருந்து கைமாறி வந்தது. கதவை ஓங்கிச் சாத்தினால்தான் பூட்டும், மெதுவாகத் திறந்தால்தான் திறக்கும். அந்த நாற்பது நிமிடமும் அவள் பேசுவாள். மேற்பார்வையாளரின் புது மூக்குக்கண்ணாடி, தலையணை உறைக்குள் யாரோ விட்டுப்போன பல்செட், எந்த அறைக்காரர் துவாலையில் சாயம் ஒட்டவைத்தார் என்பது எல்லாம் வரும். அவன் "ம்" என்பான். சில சமயம் "அப்புறம்?" என்பான். அந்த ஒரு சொல் போதும், அடுத்த பத்து நிமிடத்துக்குத் தாங்கும்.

போன வருடம் மழை தொடங்கிய வாரத்தில் ஒருநாள் காரில் ஏறியதும் அவள் சொன்னாள்.

"வலது காது அடைச்ச மாதிரியே இருக்குங்க. காலையிலேர்ந்து. தண்ணி புகுந்தா இருக்குமே, அப்படி."

"சளியா இருக்கும். ஆவி பிடி, சரியாப் போயிடும்."

ஐந்தாம் நாள் மறுபடி சொன்னாள். "சுத்தமா கேக்கலைங்க. ஒரு நாள் லீவு போடுங்களேன், டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம். தனியாப் போகப் பயமா இருக்கு."

அந்த வாரம் எடைமேடையைச் சோதிக்க ஆய்வாளர் வருவதாக இருந்தது. "ஒண்ணும் இல்லாததுக்கு ஊரைக் கூட்டாதே. அடுத்த வாரம் போலாம்" என்றான். ஆய்வாளர் அந்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரம் வந்தார். டாக்டர் அறைக்குள் அவர்கள் போனபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. மாத்திரை, ஊசி எதற்கும் வலது காது மசியவில்லை. இரண்டு மாதம் கழித்து இடது காதும் அதே போல அடைத்தது. இந்த முறை அன்றைக்கே ஓடினார்கள். ஓடியும் பலனில்லை.

காதைச் சோதிக்க ஒரு கூண்டு வைத்திருந்தார்கள். கண்ணாடி பதித்த சின்ன அறை. காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். அவன் வெளியே டாக்டரம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். பொத்தானின் மேல் அவளுடைய கட்டைவிரல் அசையாமல் கிடந்தது. பரீட்சையில் தெரியாத கேள்வி வந்த பிள்ளை மாதிரி அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"முதல் காது அடைச்சப்பவே ஏன் வரல?" என்று டாக்டரம்மா கேட்டார். "முதல் சில நாள்லயே மருந்து ஆரம்பிச்சிருந்தா அந்தக் காதைக் காப்பாத்த வாய்ப்பு இருந்துச்சு. ஒருவேளை இதையும் தடுத்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா மூணு வாரம் ரொம்பத் தாமதம்."

வெளியே வந்ததும் அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். என்ன சொன்னார்கள் என்று முகத்தாலேயே கேட்டாள். அவன் சுவரில் தாளை வைத்து எழுதினான்: 'உடம்பு வாகு. யாருக்கு வேணா வரலாமாம். யாரும் எதுவும் செஞ்சிருக்க முடியாதாம்.'

அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை.

காதில் வைக்கும் கருவி இரைச்சலை மட்டும் கொடுத்தது. உள்ளே வைத்துப் பொருத்தும் கருவிக்கு அவள் காதில் இடமில்லை என்று இரண்டு மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளச் சொல்லித்தரும் ஒரு டீச்சரிடம் வாரம் மூன்று நாள் போனாள். கெட்டிக்காரி. ஆறு மாதத்தில் எதிரே நின்று மெதுவாகப் பேசினால் முக்கால்வாசி பிடித்துவிடும் நிலைக்கு வந்தாள். ஓட்டலிலும் அவளை அனுப்பிவிடவில்லை. எண்ணவும் தைக்கவும் காது எதற்கு?

ஆனால் கார் வாயடைத்துப் போனது. ஏழு மணிக்கு இருட்டிவிடும். அவன் முகம் பக்கவாட்டில், அதுவும் இருட்டில். எதிர்வண்டி வெளிச்சம் அடிக்கும்போது ஒரு கணம் மூக்கும் கன்னமும் தெரிந்து மறையும். முதலில் கொஞ்ச நாள் அவள் வழக்கம் போலப் பேசிப் பார்த்தாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் ஒரே சீராக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. பதிலுக்கு அவன் "ம்" என்றானா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது. சுவரோடு எத்தனை நாள் பேசுவாள்? நிறுத்திவிட்டாள். மேல்விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். பழைய பல்பு, பழுத்துப்போன பிளாஸ்டிக் மூடி. பூசணிக்காய் நிறத்தில் ஒரு மங்கல் கூரையிலேயே தங்கிவிட்டது, கீழே இறங்கவில்லை.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கொண்டை ஊசியால காதைக் குடைவேன்ல, அதான்" என்பாள் ஒருநாள். "இயந்திரத்துக்கிட்ட நிக்கறப்ப காதுமூடி போடுன்னு சொன்னாங்க. வேர்க்குதுன்னு நான்தான் கழட்டி வெச்சேன். என் கொழுப்பு" என்பாள் இன்னொரு நாள். அவன் இல்லை என்று தலையாட்டுவான். வெறும் தலையாட்டல். அவள் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள்.

இப்படியே பதினோரு மாதம் ஓடியது.

காருக்குள் வெளிச்சம் போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது அந்தப் பதினோராம் மாதத்தில்தான். மெக்கானிக்கிடம் கேட்டான். மெக்கானிக் காரையும் பார்த்தான், அவனையும் பார்த்தான்.

"அண்ணே, கிழவிக்கு மூக்குத்தி எதுக்கு?"

"அலங்காரத்துக்கு இல்ல. என் மூஞ்சி தெரியணும்."

"அதைப் பாக்கறதுக்கா இவ்வளவு செலவு?" என்று சிரித்தவன், காரணத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினான். கை நிறைய வேலை இருப்பதாகவும், இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றும் சொன்னான். எந்த ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும், எது கதவைத் திறந்தால் மட்டும் இணையும் என்று ஒரு அட்டையில் வரைந்தும் கொடுத்தான். "முதல்ல ஃப்யூஸைக் கழட்டிடுங்க. மறந்துடாதீங்க" என்றான்.

அவன் மறந்தான். வீட்டுத் தொகுப்பின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே வண்டி நிற்கும் இடம். அவனுக்கு விடுமுறை, அவள் வேலைக்குப் போயிருந்தாள். காலை பத்து மணி. மேல்விளக்கின் மூடியைத் திருகுகோலால் நெம்பியபோது ஒரு கொக்கி முறிந்து மடியில் விழுந்தது. பரவாயில்லை என்று பல்பைக் கழற்றப் போனான். திருகுகோல் ஒயரையும் கூரைத் தகட்டையும் ஒன்றாகத் தொட்டுவிட்டது. படீரென்று ஒரு பொறி. கடிகாரம் போயிற்று, பாட்டுப்பெட்டி போயிற்று. பாட்டுப்பெட்டியை யாரும் தொட்டு வெகுநாளாகியிருந்தது. புது ஃப்யூஸ் வாங்கி வந்து போட்டான். பிறகு வாங்கி வைத்திருந்த எல்.இ.டி விளக்கை மாட்டினான். எரியவில்லை. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே கழற்றித் திருப்பி மாட்டினான். எரிந்தது. இந்த விளக்குக்குத் தலை எது கால் எது என்று உண்டு, பழைய பல்பு மாதிரி எப்படிப் போட்டாலும் எரியாது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எரிந்ததும் பார்த்தால், பிணவறை வெளிச்சம். அவன் கையே செத்தவன் கை போல நீலம் பாய்ந்து கிடந்தது. அதைக் கழற்றிவிட்டு இளமஞ்சளாக எரிவது ஒன்றை வாங்கி மாட்டினான். இப்போது இருக்கை, கியர், அவள் வைக்கும் பை எல்லாம் தெரிந்தன. ஆனால் முன்கண்ணாடியிலும் அந்த வெளிச்சம் விழுந்தது. ஓட்டும்போது வெளியே சாலைக்குப் பதில் தன் முகம்தான் தெரியும். விரல் நீளத்தில் ஒரு சின்ன விளக்குப் பட்டையை வாங்கி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒட்டினான். அன்று மாலை அதைப் போட்டுக்கொண்டு ஓட்டலின் பின்வாசலில் நின்றபோது, அவள் கதவைத் திறந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"பேய் மாதிரி இருக்கீங்க!"

பல மாதத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். கீழிருந்து வரும் வெளிச்சத்தில் அவன் மூக்கின் நிழல் நெற்றி வரை ஏறியிருந்தது. அவளுக்கு அவன் என்ன செய்கிறான் என்று அன்றைக்குப் புரிந்துவிட்டது. வீடு வரும் வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த விடுமுறை நாளில், அவளும் வீட்டில் இருந்தபோது, பட்டையைப் பிடுங்கிக் கூரையில், இரண்டு வெயில்மறைப்புகளுக்கும் நடுவே பொருத்தினான். கறுப்பு ரப்பர்த் துண்டு ஒன்றை வெட்டி, விளக்குக்குத் தொப்பி போல மடித்து ஒட்டினான். கண்ணில் படாமல், கண்ணாடியில் படாமல், மூக்குக்குக் கீழே மட்டும் வெளிச்சம் விழ வேண்டும். ரப்பரை அரை விரற்கடை வெட்டுவதும், உட்கார்ந்து பார்ப்பதும், மறுபடி வெட்டுவதுமாக மத்தியானம் ஆகிவிட்டது. கீழ்த்தளம் பகலிலும் மங்கலாகத்தான் இருக்கும். கதவுகளைச் சாத்திக்கொண்டு, பின்பார்வைக் கண்ணாடியைக் கீழ்நோக்கித் திருப்பி, அதில் தன் வாயைப் பார்த்தான். தெளிவாகத் தெரிந்தது. மேலுதடு, கீழுதடு, பல் இடுக்கு.

பேசிப் பார்த்தால்தானே தெரியும்? லாரி எண்களைச் சொன்னான். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணினான். "இன்னிக்கு என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்டான். கண்ணாடியில் அந்த வாய் நன்றாகவே கேட்டது. இத்தனை தெளிவாக இனி தினமும் அவள் இந்த வாயைப் பார்க்கப்போகிறாள். வேறொன்றும் சொல்லத் தோன்றாமல், இத்தனை மாதம் மறைத்ததையே சொன்னான்.

"உன் காது போனது என்னாலதான். நீ அஞ்சாம் நாளே கேட்டே. நான்தான் தள்ளிப்போட்டேன். மூணு வாரம். முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் உன்கிட்ட பொய் எழுதிக் குடுத்தேன்."

ஒருமுறை சொன்னதும் நிறுத்த முடியவில்லை. மறுபடி சொன்னான். அழுகை வந்ததால் வாய் கோணியது. தெளிவாக இல்லையே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை சொன்னான்.

காருக்குள் வெளிச்சமும் வெளியே மங்கலும் இருந்தால், உள்ளே இருப்பவனுக்குக் கதவுக் கண்ணாடியில் தன் நிழல்தான் தெரியும். வெளியே நிற்பவருக்கோ உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு இறங்கியபோது, காரின் முன்மூடி மேல் மூடிவைத்த ஒரு டீ தம்ளர் இருந்தது. தொட்டுப் பார்த்தான். ஆறியிருந்தது.

மாடிக்குப் போனான். அவள் கிழிந்த துணி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவன் எதிரே போய் நின்றான். அவள் நூலைப் பல்லால் கடித்து, துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். தோளைத் தொட்டான். தோளை விலக்கிக்கொண்டாள். உதட்டைப் பார்க்க மறுப்பவளிடம் என்ன பேசுவது? ஒரு தாளில் எழுதி, மடித்து மேசையில் வைத்தான். காலையில் அந்தத் தாள் பிரிக்கப்படாமல் அங்கேயே இருந்தது.

மறுநாள் மாலை ஓட்டலின் பின்வாசலில், அவள் முன்கதவைத் தாண்டி நடந்து பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். வாடகைக் காரில் ஏறுகிற மாதிரி. அவன் விளக்கைப் போட்டான். அது அவன் வாயின் மேல், யாருக்காகவுமில்லாமல், நாற்பது நிமிடம் எரிந்துகொண்டு வந்தது.

அப்படிப் பத்தொன்பது நாள். சமைத்தாள், துவைத்தாள், வேலைக்குப் போனாள். தேவையானதைச் சொன்னாள். "அரிசி தீர்ந்துடுச்சு." "தண்ணி வரல." அவன் வாயைத் திறந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். காது கேட்கிறவர்களுக்குக் கோபம் வந்தால்கூடக் கொஞ்சமாவது காதில் விழுந்துதான் தீரும். இவளுக்குக் கண்ணைத் தாழ்த்தினால் போதும், உலகமே வாயை மூடிக்கொள்ளும். அவன் தன் கண்ணாடி அறையில் உட்கார்ந்து தப்புத் தப்பாகச் சீட்டு எழுதினான். "என்னண்ணே, வெறும் வண்டிக்குப் பன்னெண்டு டன் போட்டிருக்கீங்க?" என்று ஒரு லாரிக்காரர் திரும்ப வந்து கேட்டார்.

இருபதாம் நாள் அவள் முன்கதவைத் திறந்தாள். உட்கார்ந்து, கதவை ஓங்கிச் சாத்தினாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? அன்னிக்குக் கண்ணாடி வழியா அரைகுறையாத்தான் தெரிஞ்சுது. முழுசா சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

அவன் வண்டியை ஓரமாக, ஒரு மூடிய கடைக்கு முன்னால் நிறுத்தினான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தான். சொன்னான். 'தாமதம்' என்ற சொல் அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு முறை சொல்லச் சொன்னாள். பிறகு, 'உறுதியாச் சொல்ல முடியாது' என்பதை மூன்று முறை சொல்லவைத்தாள்.

"அதாவது, போயிருந்தாலும் போயிருக்கலாம். தங்கியிருந்தாலும் தங்கியிருக்கலாம்."

"ஆமா."

"அது யாருக்கும் தெரியாது."

"தெரியாது."

அவள் பையின் பிடியைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

"காது போனதை நான் பொறுத்துக்குவேன். நீங்க வேணும்னு செய்யல. நானும்தான் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன், தனியாப் போயிருக்கலாம். ஆனா ஒரு வருஷமா நான் கொண்டை ஊசின்னு சொன்னேன், காதுமூடின்னு சொன்னேன். என்னையே செருப்பால அடிச்சுக்கிட்டேன். நீங்க எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க. தலையை ஆட்டினீங்க. உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

குரல் ஒரே சீராகத்தான் வந்தது. கத்துகிறாளா மெல்லப் பேசுகிறாளா என்று அவளுக்கே தெரியாது. கத்தினாள். சாலையில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

"பயந்தேன்" என்றான்.

"என்ன?"

"பயம். நீ என்னை விட்டுட்டுப் போயிடுவேன்னு."

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுபடி சொல்வதற்காக வாயைத் திறந்தபோது அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். தொடலாமா என்று அவன் யோசித்தான். தொடவில்லை. அவள் அழுது முடித்து மூக்கைச் சிந்தியபின், "போலாம்" என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. இப்போது முன்னால்தான் உட்காருகிறாள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் அவன் திரும்பி ஏதாவது கேட்பான். அவள் பதில் சொல்வாள். பச்சை விழுந்ததும் பேச்சு பாதியில் நிற்கும், அடுத்த சிவப்பில் தொடரும். சிவப்பு நீளமாக விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே ஓட்டுநர் அந்தச் சாலையில் அவனாகத்தான் இருப்பான். பேசாதவன் பேசப் பழகிக்கொண்டான். அவள்தான் குறைத்துப் பேசுகிறாள்.

சில நாட்களில் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்போது அவன் சொல்லவந்ததை நிறுத்திவிட்டுச் சாலையைப் பார்த்து ஓட்டுவான்.